என் கையால் அல்லவா நடந்திருக்கும்?



வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, கோவில் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் ஒரு தாய் கைக்குழந்தையோடு நின்றாள். குழந்தையை ஆசீர்வதிக்கக் கேட்பாள் என்று எண்ணிக் கிட்டப் போனேன். ஆசீரை வாங்கிக்கொண்டாள், ஆனால் போகவில்லை. எதையோ கேட்க நினைத்துக் கேட்க மாட்டாமல் நின்றாள்.

விஷயம் இதுதான். அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை. இரண்டாம் மாதத்து ஊசி போட்ட அன்று இரவு குழந்தையின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. ஊசி ஏறிய தொடை சிவந்து வீங்கியது. விடிய விடிய அழுகை. கணவன் களப்பில் தொழிலுக்குப் போயிருந்தான். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வாகனம் வேண்டும். வாகனம் கிடைத்தாலும் அந்த நேரத்தில் வீதியில் யானை நிற்கும். பக்கத்திலிருந்த மாமியார், “நல்லாயிருந்த பிள்ளையைக் கொண்டுபோய்க் குத்துவித்துக்கொண்டு வந்தாயே” என்று ஒரேயொரு தடவைதான் சொன்னாராம். ஒரு தடவை போதுமே! விடியற்காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. மறுநாள் பிள்ளை சிரித்து விளையாடியது. ஆனால் அந்த இரவு அவளை விட்டுப் போகவில்லை. நாலாம் மாத ஊசிக்குரிய நாள் கடந்து மூன்று கிழமையாகிவிட்டது. குடும்ப நல மாது இரண்டு முறை வீடு தேடி வந்துவிட்டார்.

“சுவாமி, ஊசி போடாமல் விட்டுப் பிள்ளைக்கு ஒரு வருத்தம் வந்தால், அது கடவுள் விட்ட வழி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஊசி போட்டு ஏதும் நடந்தால், அது என் கையால் அல்லவா நடந்திருக்கும்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒன்றும் நடக்காது பிள்ளை, பயப்படாமல் போடு” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது, வழிநெடுக மரமுந்திரிகைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்த எனக்கு, என் பதிலை நினைக்க வெட்கமாயிருந்தது. ஒன்றும் நடக்காது என்பது உண்மையல்ல; ஏலவே அவள் வீட்டில் ஒன்று நடந்துதான் இருக்கிறது. அதோடு, அவள் என்னிடம் கேட்டது மருத்துவக் கேள்வி அல்ல. செய்ததனால் வரும் தீங்குக்கும் செய்யாமல் விட்டதனால் வரும் தீங்குக்கும் மனச்சாட்சியின் முன் ஒரே கணக்குத்தானா என்று கேட்டாள். குருமடத்தில் நாம் ஆண்டுக்கணக்காக விவாதித்த கேள்வியை அவள் ஒரு வசனத்தில் கேட்டுவிட்டாள். நானோ, அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல ஒரு பதிலைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆகவே இந்தக் கட்டுரை முதலில் அவளுக்கு. அவளைப்போல் கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் தாய் தந்தையர் எங்கும் இருப்பதால் உங்களுக்கும்.

முதலில் உண்மையை உண்மையாகவே ஒப்புக்கொள்வோம். தடுப்பூசிகளுக்குப் பக்க விளைவு உண்டு. நம் நாட்டில் 2, 4, 6 ஆம் மாதங்களில் போடப்படும் ஐங்கூட்டு ஊசி தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி முதலிய ஐந்து நோய்களைத் தடுப்பது. அதன்பின் காய்ச்சலும் வீக்கமும் சிணுங்கலும் ஒன்றிரண்டு நாள் இருப்பது சாதாரணம். உடம்பு எதிரியை அடையாளம் கண்டு ஆயுதம் எடுக்கும்போது உண்டாகும் சூடு அது. ஒன்பதாம் மாதத்தில் போடப்படும் சின்னமுத்து ஊசி வேறு மாதிரி. அதன் காய்ச்சல் அன்றைக்கு வராமல், ஒரு கிழமை கழித்துப் பல தாய்மார் ஊசியையே மறந்திருக்கும் வேளையில் வரும். காய்ச்சல் கூடி வலிப்பு வரும் பிள்ளைகளும் சிலர் உண்டு. பார்க்கப் பயங்கரமாயிருக்கும், பெரும்பாலும் பின்விளைவு எதுவுமின்றி மாறிவிடும். கடுமையான ஒவ்வாமை ஏறக்குறைய பத்து இலட்சம் ஊசிக்கு ஒரு தடவை வருவது. அது வந்தால் நிமிடங்களுக்குள் வரும். ஊசி போட்டபின் சற்று நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது அதற்காகத்தான். கொப்பியில் எழுதத் தாமதமாவதால் என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்துவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறுகளும் சரித்திரத்தில் உண்டு. 1955 இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தயாரித்த இளம்பிள்ளைவாத ஊசியில், கொல்லப்பட்டிருக்க வேண்டிய கிருமி உயிரோடிருந்தது. அதனால் ஏறத்தாழ 200 பேருக்குக் கைகால் வழங்காமற் போயிற்று. 10 பேர் மாண்டனர். 1998 இல் அதே நாட்டில், குழந்தைகளின் வயிற்றோட்டத்தைத் தடுக்க வந்த ஒரு சொட்டு மருந்து, சில குழந்தைகளின் குடலை ஒன்றினுள் ஒன்று செருகச் செய்தது. ஏறத்தாழ பதினாயிரத்தில் ஒரு குழந்தைக்கே அப்படி நேர்ந்தது. அதைக் கண்டுபிடித்து அடுத்த ஆண்டே மருந்தை நிறுத்திவிட்டார்கள். கொரோனாக் காலம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அஸ்ட்ராசெனகா ஊசியின் பின் 6 பேருக்கு இரத்தம் உறைந்ததாகவும் அவர்களில் 3 பேர் இறந்ததாகவும் 2021 ஏப்ரலில் நம் பாராளுமன்றத்திலேயே சுகாதார அமைச்சர் அறிவித்தார்.

இவற்றை நான் எழுதுவது உங்களைப் பயமுறுத்த அல்ல. மறைத்தால் பிறகு வேறொருவர், அதுவும் நடுச்சாமத்தில் வட்ஸ்அப்பில், பத்து மடங்காக்கிச் சொல்லுவார். நம்முடைய செபக் குழுக்களில்கூட அத்தகைய செய்திகள் செபமாலைப் படத்தோடு சேர்ந்து வருவதைக் கண்டிருக்கிறேன். அனுப்புகிறவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார். ஆனால் பொய்யை நல்லெண்ணத்தோடு பரப்பினாலும் அது பொய்தானே!

இனி இரண்டாவது காரியம். ஊசிக்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊசியால் நடந்தது ஆகாது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். புத்தளத்துப் பனங்காணிகளுக்குள் வளர்ந்த எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. பழம் விழுகிற காலத்தில் காகம் வந்து இருந்தாலும் விழும், இராவிட்டாலும் விழும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்த முதல் ஆறு மாதம் என்பது ஏறத்தாழ 180 நாள். அதற்குள் ஐங்கூட்டு ஊசி மூன்று தடவை. ஒவ்வொன்றின் பின்னும் இரண்டு நாளை நாம் சந்தேகத்தோடு பார்க்கிறோம் என்றால் மொத்தம் 6 நாள். அப்படியானால், ஊசிக்கும் நோய்க்கும் எந்தத் தொடர்புமே இல்லாவிட்டாலும், அந்த ஆறு மாதத்தில் குழந்தைகளுக்கு வரும் நோய்களில் முப்பதில் ஒன்று தற்செயலாகவே அந்த 6 நாட்களுக்குள் விழும். நம் நாட்டிலே ஆண்டுதோறும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கிறார்கள். அவர்களுள் எத்தனை வீட்டில் காகமும் பனம்பழமும் ஒன்றுசேரும் என்று எண்ணிப்பாருங்கள்.

அதற்காக, எதைச் சொன்னாலும் தற்செயல் என்று தட்டிக்கழிக்கவும் கூடாது. மற்ற எந்த 6 நாட்களையும்விட அந்த 6 நாட்களில் நோய் அதிகமாக வருகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணவேண்டும். குடல் செருகலும் இரத்த உறைவும் அப்படி எண்ணியதனால்தான் வெளிப்பட்டன. எண்ணுவதற்கு முதலில் தாய் சொல்லவேண்டும். சொல்வதைக் கேட்டு ஒருவர் எழுதவேண்டும்.

நம் நாட்டில் இது ஒரு முறை கடுமையாகச் சோதிக்கப்பட்டது. ஐங்கூட்டு ஊசி 2008 ஜனவரியில் இங்கு அறிமுகமானது. மூன்று மாதத்துக்குள், ஊசியின் பின் 4 குழந்தைகள் இறந்ததாகவும், 24 குழந்தைகள் வெளிறித் துவண்டுபோனதாகவும் அறிக்கைகள் வந்தன. முதலில் அந்தத் தொகுதி மருந்து நிறுத்தப்பட்டது. அடுத்த தொகுதியிலும் ஒரு மரணம் அறிவிக்கப்பட்டபோது ஐங்கூட்டு ஊசியையே நிறுத்திவிட்டுப் பழைய முக்கூட்டு ஊசிக்குத் திரும்பினார்கள். ஆகவே குழந்தைகள் பாதுகாப்பின்றி விடப்படவில்லை, இதைக் கவனிக்கவேண்டும். உள்நாட்டு வெளிநாட்டு நிபுணர்கள் ஆராய்ந்தபின் 2010 இல் ஐங்கூட்டு ஊசி திரும்ப வந்தது. அந்த ஆராய்ச்சியின் முடிவைப்பற்றி வைத்தியர்களுக்குள்ளேயே வாதம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் மனதில் நிற்பது வேறு. ஒரு அரசாங்கம் சாவுகளை மூடி மறைக்காமல், நிறுத்து, பார், பிறகு தொடங்கு என்று நடந்துகொண்டது. இந்த அரசாங்கங்களைப்பற்றி அடிக்கடி நல்லது சொல்ல வாய்ப்புக் கிடைப்பதில்லை; கிடைக்கும்போது சொல்லிவிட வேண்டும்.

மாறாக நடந்த இடம் ஒன்றுண்டு. பசிபிக் சமுத்திரத்திலே சமோவா என்று ஒரு சிறிய தீவு நாடு. சனத்தொகை 2 இலட்சம் மட்டில். கடலும் தென்னையும் கோவிலுமாய் வாழும் சனம். நம் கரையோரத்து மக்கள் அங்கே போனால் அந்நியமாக உணரமாட்டார்கள். 2018 ஜூலையில் அங்கே ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரியில், சின்னமுத்து ஊசி போடப்பட்ட ஒரு வயதுக் குழந்தைகள் இருவர் நிமிடங்களுக்குள் இறந்தார்கள். ஊசி மருந்து தூளாக வரும். அதைத் தண்ணீரில் கரைத்துப் போடவேண்டும். இரண்டு தாதியர் தண்ணீருக்குப் பதிலாக, சத்திரசிகிச்சையில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஒரு மருந்தில் கரைத்துவிட்டார்கள். மருந்தில் பிழையில்லை, மனிதர் கையில் பிழை. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர்களுக்கு அடுத்த ஆண்டு 5 வருடச் சிறை கிடைத்தது.

உண்மை வெளிவருவதற்குள் காலம் ஓடிவிட்டது. அரசாங்கம் அந்த ஊசியை நாடெங்கும் நிறுத்திவைத்தது. திரும்பத் தொடங்கியபோது தாய்மார் வரவில்லை. எப்படி வருவார்கள்? இரண்டு குழந்தைகளின் பெட்டிகளைப் பார்த்தவர்கள் அல்லவா? 2019 இன் பிற்பகுதியில் சின்னமுத்து தீவுக்குள் புகுந்தது. சில மாதங்களுக்குள் 5,700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 83 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். டிசம்பர் மாதத்தில் அரசாங்கம் இரண்டு நாள் கந்தோர்களையெல்லாம் மூடி, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டச்சொல்லி, வீடு வீடாக ஆட்களை அனுப்பியது. அந்தச் சிவப்புத் துணிகளின் படங்களைப் பார்த்தபோது, எகிப்திலே நிலைக்காலில் இரத்தம் பூசிய இரவு எனக்கு நினைவுக்கு வந்தது.

தாதியின் கையால் இறந்தவர்கள் இருவர். அதற்காகச் சட்டம் தண்டித்தது; நியாயம். பயத்தினால் ஊசி இல்லாமல் இருந்து இறந்த குழந்தைகளுக்கு யார் கை பொறுப்பு? நீதிமன்றத்தில் நிறுத்த ஒருவருமில்லை. தாய்மாரை நிறுத்தலாமா? ஒருகாலும் கூடாது. இங்கேதான் வண்ணாத்திவில்லுத் தாயின் கேள்வி நம்மைத் திரும்பப் பிடிக்கிறது.

அவள் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. அதை நான் தள்ளிவிட மாட்டேன். செய்கிறவனுக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. ஒருவனை ஆற்றில் தள்ளிவிடுவதும், விழுந்தவனைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒன்றல்ல என்று சாதாரண மனிதன் உணருகிறான். நீதிநூல் படித்தவர்களும் அதை முற்றாக மறுப்பதில்லை. ஆனால் நம் தாயின் நிலை இந்த இரண்டுமல்ல. அவள் வீதியால் போகும் அந்நியன் அல்லள். அந்தப் பிள்ளை அவள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை. காவலாளி தூங்கிப்போன வீட்டில் களவு நடந்தால், நான் கதவைத் திறந்துவிடவில்லையே, சும்மாதானே இருந்தேன் என்று அவன் சொன்னால் எடுபடுமா? பொறுப்பு உள்ள இடத்தில் சும்மா இருப்பதும் ஒரு செயலாகிவிடுகிறது. பூசையின் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டிச் சொல்லும் மன்றாட்டில், செய்த பாவங்களோடு, செய்யத் தவறியவற்றையும் சேர்த்தே சொல்லுகிறோம். அதை ஞாயிறுதோறும் சொல்லி வருவதால் அதன் கூர் நமக்கு மழுங்கிப்போயிற்று.

இதை ஏட்டுப் படிப்பால் அல்லாமல் இழப்பினால் அறிந்துகொண்ட ஒருவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின். அவர் காலத்தில் ஜென்னரின் அம்மைப்பால் இல்லை. வைசூரிக் கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்ததையே பிறர் உடம்பில் கீறி ஏற்றும் பழைய முறைதான் இருந்தது. அதில் ஆபத்து இன்றைய ஊசியைப்போல் இலட்சத்தில் ஒன்றல்ல. 1721 இல் பொஸ்டன் நகரில் அப்படி ஏற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 2 பேர் மட்டில் இறந்தார்கள். தானாக வைசூரி வந்தவர்களிலோ நூற்றுக்கு 14 பேர். பிராங்கிளின் அந்த முறையை நம்பியவர். ஆனாலும் தம் மகனுக்கு ஏற்றாமல் தள்ளிப்போட்டார். பிள்ளைக்கு அப்போது வயிற்றோட்டம். 1736 இல் நாலு வயதில் அந்தப் பிள்ளை வைசூரியால் இறந்தது. முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது அவர் இதை மறக்கவில்லை. ஏற்றியதால் பிள்ளை இறந்தால் என்னை நானே மன்னிக்கமாட்டேன் என்று நினைத்துத் தவிர்க்கும் பெற்றோருக்காகவே தாம் இதை எழுதுவதாகவும், ஏற்றாமல் விட்டு இழந்தாலும் அந்த வேதனை அப்படியேதான் இருக்கிறது என்றும், ஆகவே ஆபத்துக் குறைந்ததையே தெரிந்துகொள்ள வேண்டுமென்றும் சொல்லி வைத்தார். கடவுள் விட்ட வழி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என எண்ணியிருந்த தாயே, தேற்ற முடியாது என்கிறார் தேற்றிப் பார்த்தவர்.

கடவுள் விட்ட வழி என்ற சொல்லையும் சற்றுப் பார்க்கவேண்டும். உங்கள் கணவன் களப்பில் தோணியை இறக்குமுன் என்ன செய்கிறான்? சிலுவை அடையாளம் போடுகிறான். தோணியின் ஓட்டையையும் பார்த்து அடைக்கிறான். ஓட்டையை அடைத்ததால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று எந்தக் கரையிலும் எவரும் சொன்னதில்லை. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் சொன்னபோது ஆண்டவர் குதிக்கவில்லை. சீராக் ஆகமத்தின் 38 ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். வைத்தியனையும் மருந்தையும் அங்கே கடவுளின் படைப்பு வரிசையில் வைத்திருக்கிறது. நோய் வந்தால் கடவுள் சித்தம், ஊசியால் காய்ச்சல் வந்தால் என் குற்றம் என்று பிரிக்கும்போது, நாம் அறியாமலே, நோயைக் கடவுளுக்கும் மருந்தை மனிதனுக்கும் பங்குபோட்டுக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பங்கீட்டைக் கடவுள் செய்யவில்லை.

அப்படியானால் தயங்குகிற ஒவ்வொருவரும் பாவிகளா? அல்ல. விவேகம் என்பது நாலு தலையாய புண்ணியங்களுள் ஒன்று. புனித தோமஸ் அக்குவினாஸ் அதில் பிறரிடம் கேட்டறியும் குணத்தையும் எச்சரிக்கையையும் சேர்த்திருக்கிறார். கேட்பது விவேகம், கேட்டபின்னும் காலமெல்லாம் கேட்டுக்கொண்டேயிருந்து முடிவெடுக்காதிருப்பது விவேகமல்ல. தள்ளிப்போட நியாயமான காரணங்களும் உண்டு. பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் இருக்கும் நாள். முன் ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்த பிள்ளை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி பிறப்பிலேயே குறைந்த பிள்ளை. இவர்களைப்பற்றி வைத்தியரே முடிவுசெய்வார். அந்தப் பிள்ளைகளுக்குக் கவசம் யார் தெரியுமா? ஊசி போட்ட மற்றப் பிள்ளைகள்தான். சின்னமுத்து ஊருக்குள் பரவாமல் நிற்க நூற்றுக்கு 95 பேர் மட்டில் காப்புள்ளவர்களாய் இருக்கவேண்டும். தலவில அன்னம்மாள் திருநாளுக்குப் போய்க் கொட்டிலடித்துத் தங்கும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒரே கிணறு, ஒரே பந்தல், அங்கே இன்னும் ஒன்பது மாதம் ஆகாத எத்தனை மடிக்குழந்தைகள்! நம் நாடு 2019 இல் சின்னமுத்தை ஒழித்த நாடென்று பெயர் வாங்கியது. 2023 இல் அது மறுபடியும் வந்துவிட்டது. போலியோவால் வாதம் வந்த கடைசிப் பிள்ளையை இங்கே கண்டது 1993 இல். இன்றைய இளந்தாய் அந்தக் காலை, அந்த ஊன்றுகோலைக் கண்டதில்லை. காணாத நோய்க்குப் பயப்படாமல், கண்ட காய்ச்சலுக்குப் பயப்படுகிறாள். ஊசியின் வெற்றியே ஊசிக்கு எதிரியாகிவிட்டது.

இனி மறுபக்கத்தாருக்கு ஒரு வார்த்தை. செய்கிறவனுக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்று மேலே ஒப்புக்கொண்டேனே, அது தாயைவிட அதிகமாக ஊசி போடுகிறவர்கள்மீதும் போடச் சொல்லுகிறவர்கள்மீதும் விழுகிறது. சுகமாயிருக்கும் குழந்தையின் உடம்பில் கைவைக்கிறோம் என்ற பயபக்தி வேண்டும். கேள்வி கேட்கும் தாயை, “உனக்கு என்ன தெரியும்?” என்று ஏசி அனுப்புவது ஒரு கிளினிக்கில் மட்டும் நடப்பதல்ல, ஏழைப் பெண்ணிடம் அப்படிப் பேசுவது நம் நாட்டின் கந்தோர்ப் பழக்கம். ஏசினால் அவள் ஊசியை ஏற்றுக்கொள்ளக்கூடும். அடுத்த முறை கேள்வியை மறைப்பாள், பிறகு பிள்ளையையே மறைப்பாள். ஊசியின் பின் நேரும் கோளாறுகளைப் பதியும் முறை நம் நாட்டில் 1996 தொடக்கம் இருக்கிறது. அது இருப்பதையே பல பெற்றோர் அறியார். அறிவிப்பது முறைப்பாடு அல்ல, உதவி.

மேலும், மக்களின் சந்தேகத்தை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2023 இல் தரங்குறைந்த இம்யூனோகுளோபியூலின் மருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்த விவகாரமும், அதன் தொடர்பில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே கைதானதும் நாடறிந்தவை. அது தடுப்பூசி அல்ல. ஆனால் தாய்க்கு ஆஸ்பத்திரி அலுமாரி ஒன்றுதான். நம்பிக்கையை மேலிருப்பவர்கள் களவு கொடுத்துவிட்டு, கீழிருப்பவர்களிடம் நம்பிக்கை இல்லையே என்று குறைப்படுவது நீதியல்ல.

இன்னொன்றும் நீதியைச் சேர்ந்தது. ஊர் முழுவதையும் காக்கிற ஒரு காரியத்தில், இலட்சத்தில் ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டால், அந்தப் பாரத்தை அந்த ஒரு வீடு மட்டும் சுமக்கலாமா? அது ஊருக்காகச் சுமந்த சுமை அல்லவா? பிரித்தானியா 1979 இலும் அமெரிக்கா 1986 இலும் இதற்கென்று நட்டஈட்டுச் சட்டங்கள் செய்தன. பணம் பிள்ளையைத் திருப்பித் தராதுதான். ஆனாலும் உங்கள் துயரம் எங்களுக்குத் தெரியும் என்று ஒரு நாடு சொல்ல அது ஒரு வழி. நம் நாட்டிலும் இதைப்பற்றிப் பேசவேண்டும். நம் குருக்களும் பேசவேண்டும். கட்டாயத்தைப்பற்றியும் ஒன்று. கொரோனா ஊசிகள் குறித்து 2020 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட குறிப்பு, ஊசியைப் பொதுவில் கட்டாயக் கடமையாக்காமல் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டது. ஆனால் மறுக்கிறவர் தம்மால் பிறருக்கு நோய் தொற்றாதபடி இயன்றதெல்லாம் செய்யவேண்டுமென்றும் சொன்னது. மனச்சாட்சி என்பது வாசற்கதவை மூடிக்கொள்ளும் உரிமை மட்டுமன்று என்று நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

இவற்றையெல்லாம் யோசித்தபின் இரண்டு கிழமை கழித்து அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். அன்று சொன்னது சரியில்லை என்று முதலில் சொன்னேன். சுவாமிமார் அப்படிச் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லாததாலோ என்னவோ, அவள் திகைத்துப் போய்க் கதிரையைத் துடைத்தாள். குடும்ப நல மாதும் வந்திருந்தார். மாமியார் கதவோரமாய் நின்றார். தாய் கேள்விகளை ஒரு பழைய கலண்டர்த் தாளில் எழுதி வைத்திருந்தாள். போன முறை வந்த காய்ச்சல் இந்த முறையும் வருமா? வந்தால் பனடோல் பாணி எவ்வளவு? எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்?

மாது அவசரப்படவில்லை. வரலாம் என்றார், வராமலும் விடலாம் என்றார். பிள்ளையின் நிறையைப் பார்த்துப் பாணியின் அளவைத் தாளிலேயே எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் அடங்காமல் கூடினால், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆற்றமுடியாமல் அழுதால், வெளிறித் துவண்டால், வலித்தால், மூச்சுத் திணறினால் நேரம் பார்க்காமல் கொண்டுபோகச் சொன்னார். இரவில் கூப்பிடத் தம் தொலைபேசி இலக்கத்தையும் எழுதினார். வீங்கிய இடத்தில் எண்ணெய், மருந்து எதுவும் பூசவேண்டாம் என்றபோது மாமியாரைப் பார்த்தார். மாமியார் வேறெங்கோ பார்த்தார். வாகனத்துக்கு என்ன செய்வது என்று தாய் கேட்டதற்கு மாதிடம் பதில் இல்லை. அடுத்த வீட்டு முச்சக்கரவண்டிக்காரரை அன்றிரவு ஊரிலேயே நிற்கச் சொல்வதென்று நாங்கள் பேசி முடித்தோம். யானைக்கு ஒருவரிடமும் பதிலில்லை.

கிளினிக் நாளன்று ஊசி போடப்பட்டது. அன்றிரவும் காய்ச்சல் வந்ததாம். கணவன் தொழிலுக்குப் போகவில்லை. விடியும்வரை மாறி மாறித் தூக்கி வைத்திருந்தார்களாம். மூன்று மணிபோல மாமியார் எழுந்து வந்து, “தா, நான் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டாராம். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஆறாம் மாத ஊசிக்குரிய தேதியைக் கொப்பியில் விரித்துக் காட்டினாள்.